சவுரிராயன் பரீட்சைக்குப் படித்தார்

சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே சவுரிராயனின் வலது கை ஒரு முறை பக்கவாட்டில் நீளும். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி மெல்ல ஏறி இறங்கும். வேகத்தைக் குறைக்கிறேன் என்று அர்த்தம். பிறகு முழங்கையிலிருந்து நேராக நிமிரும். நிறுத்தப் போகிறேன் என்று அர்த்தம். இதற்குள் நாலு பருக்கை தண்ணீர்க் குடத்தின் மேல் போய் ஒட்டியிருக்கும்.

"இந்தாய்யா, சோறு துன்னும்போதாவது பஸ்ஸ ஓரங்கட்டேன்" என்பாள் மனைவி அந்தோணியம்மாள்.

சவுரிராயன் அதற்கும் கையாலேயே பதில் சொல்வார். கையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பின்னாலிருந்து முன்னால் அரைவட்டமாக வீசுவார். என்னைத் தாண்டிப் போகலாம் என்று அர்த்தம். அந்தோணியம்மாள் குழம்புச் சட்டியோடு அவரைத் தாண்டிப் போவாள்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். வயது நாற்பதை நெருங்குகிறது. ஒல்லியான உடம்பு. இடது தோளில் தோல்பை வார் பதிந்து பதிந்து ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. பஸ்ஸுக்குள் நடந்து பழகியதால் வெறும் வீதியிலும் ஒருக்களித்துத்தான் நடப்பார். மாதா கோயிலில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால், ஒரு கை தானாக மேலே எழுந்து பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடும். பக்கத்தில் நிற்பவர்கள் ஜெபத்தில் உருகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அந்த ரோட்டில் போய்வருகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். எதைக் கண்டாலும் "அது ஏன் அப்படி?" என்று கேட்டுவிடுவார். மல்லாட்டைக்கடலை மூட்டையோடு ஏறுகிறவரிடம், ஒரே செடியில் ஒரு காய்க்கு இரண்டு பருப்பும் இன்னொன்றுக்கு மூன்றும் வைப்பது ஏன் என்பார். கோர்ட்டுக்குப் போகும் குமாஸ்தாவிடம், வக்கீல்கள் சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதது ஏன் என்பார். ஒரு நாள் மலைக்கோயில் இருக்கும் பெருமுக்கல் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். "மலை உச்சியில கோயில் கட்டினானே, கல்லைக் கீழேருந்து ஏத்தினானா, மேலயே வெட்டிக்கினானா?" அந்த மனிதர் விழித்தபடி இறங்கிப் போனார். சில நாள் கழித்து அதே பஸ்ஸில் ஏறி, டிக்கெட் கேட்பதற்கு முன்பே, "மேலயே வெட்டின பள்ளம் ஒண்ணு இருக்குதுய்யா, ஏறிப் பாத்துட்டு வந்தேன்" என்றார். சவுரிராயனுக்கு அன்றைக்கு முழுவதும் பசியே எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவருக்கு 'ஏன்ராயன்' என்று பெயர்.

அணா போய் நயா பைசா வந்த வருஷம் அவருடைய தொண்டை போயிற்று. ஏறுகிறவர்கள் எல்லாரும் அணாவில் கேட்டார்கள். அவர் நயா பைசாவில் சொன்னார். ஓரணாவுக்கு ஆறு நயா பைசா என்றால் நாலணாவுக்கு இருபத்துநாலுதானே, இருபத்தைந்து ஏன் என்று அவரைப் போலவே கேட்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி விளக்கினார். அதற்கு மேல் ஆடி அமாவாசை வந்தது. மேல்மலையனூருக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்ஸில், படியிலும் கூரையிலும் தொற்றிய கூட்டத்தை அதட்டி இறக்கினார். மறுநாள் காலையில் மனைவியைக் கூப்பிட்டபோது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

புதுச்சேரியில் ஒரு டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குரல் வரும் இடத்தில் துவரம்பருப்பு அளவுக்குக் காய் ஒன்று காய்த்திருப்பதாகச் சொன்னார். மெதுவாகப் பேசலாம், இனிமேல் ஜென்மத்துக்கும் கத்தக்கூடாது. "அது ஏன் சார் அங்க போய்க் காய்க்குது?" என்று சவுரிராயன் காற்றாகக் கேட்டார். டாக்டர் தன் வாயைப் பொத்திக் காட்டினார்.

கத்தாத கண்டக்டருக்கு வேலை இல்லை. முதலாளி வேங்கடேசன் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் பஸ்ஸுக்குப் பின்னால் பத்து நிமிஷத்தில் இன்னொரு கம்பெனி பஸ் வருகிறது. "நீ விக்கிரவாண்டி, விக்கிரவாண்டின்னு கூவலைன்னா பின்னால வர்றவன் ஆள வாரிக்கினு பூடுவான் ராயா. நான் என்னா பண்றது?" என்றார். அவரே ஒரு வழியும் சொன்னார். "தையில இன்னொரு பஸ்ஸு வுடறேன். டிரைவருக்குக் கத்தற வேல இல்ல. ஒனக்குத்தான் ரோடு தெரியுமே. அது வரைக்கும் பழைய பஸ்ஸுலயே எப்படியாவது சமாளி. பொங்கலுக்குள்ள லைசென்ஸ் வாங்கிக்கினு வா, சீட்டு ஒனக்கு. இல்லன்னா திண்டிவனத்து டிரைவர் சின்னதுரை வர்றேன்னு சொல்லிக்கினு இருக்கான்."

சவுரிராயன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். சொந்த ஊரான முகையூரில் அவர் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அப்பனும் அண்ணன்களும் ஊரார் நிலத்தில்தான் குனிந்தார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றினால் அவரும் அங்கேதான் போய்க் குனிய வேண்டும்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவருடைய பஸ் டிரைவர் சக்கரபாணி. அவரைவிடப் பத்து வயது இளையவன், வாய்த்துடுக்கு அதிகம், மனசில் ஒன்றும் இல்லை. மல்லாட்டை காயவைக்கும் களம் ஒன்று அந்தச் சமயம் காலியாகக் கிடந்தது. முதலாளியின் பழைய லாரியில் 'எல்' எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு, முதல் டிரிப்புக்கு முன்னால் இருவரும் அதில் சுற்றினார்கள். கிளட்சும் கியரும் சவுரிராயனுக்குச் சீக்கிரம் பிடிபட்டன. காலமெல்லாம் காதால் கேட்ட சத்தம்தானே. களத்தை விட்டு ரோட்டுக்கு வந்த அன்றுதான் வெலவெலத்துப் போனார்.

அந்த ரோட்டை அவர் எதிர்கொண்டு பார்த்ததே இல்லை. பின்படியில் நின்றால் எல்லாம் விலகிப் போகும். புளியமரமும் மைல்கல்லும் கை ஆட்டும் ஆளும் சிறுத்துக்கொண்டே போய் மறைவார்கள். இப்போது எல்லாம் பெருத்துக்கொண்டே நேராக வந்தன.

"சக்கரபாணி, மரமெல்லாம் மேல வுழற மாதிரி வருதுப்பா. ஒனக்கு பயமா இல்ல?"

"பழகிடும்ண்ணே. கண்ண மட்டும் மூடிக்காத."

ஓட்டுவது கால் பங்குதான். மீதி, பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்வி. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எந்தப் போர்டுக்கு என்ன அர்த்தம், எந்தக் கைக்கு என்ன அர்த்தம், எதிரே யார் வந்தால் யார் ஒதுங்க வேண்டும் என்று வாயால் கேட்பார். டக்டக்கென்று சொல்ல வேண்டும். சக்கரபாணி தான் படித்த விதிப் புத்தகத்தைக் கொடுத்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மெல்லிய புத்தகம். கொடுக்கும்போதே எச்சரித்தான். "அண்ணே, இத மனப்பாடம் பண்ணு. ஏன்னு மட்டும் கேக்காத. கேட்டா பேஜாரு."

சவுரிராயனால் அது முடியவில்லை. மேட்டில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று படித்தால், ஏறுகிறவன் பாரம் இல்லாமல் வந்தாலுமா என்று தோன்றும். இப்படி ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆயிற்று. அந்தோணியம்மாள்தான் கேள்வி கேட்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படங்களைப் பார்த்துக் கேட்டாள். இரட்டை வளைவுக்கு அவள் வைத்த பெயர் பாம்பு. குறுக்கு ரோட்டுக்குச் சிலுவை.

"பாம்பு வந்தா?"

"வேகத்தைக் கொறைச்சி, எடது பக்கமா ஒட்டிக்கினு..."

"சிலுவை வந்தா?"

"ஹாரன் அடிச்சி, ரெண்டு பக்கமும் பாத்து..."

அவர் குரல் காற்றாக வருவதால் அவளும் காற்றாகவே கேட்டாள். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் இதைச் சில நாள் கவனித்துவிட்டு, இவர்கள் வீட்டில் ஏதோ ரகசியம் நடக்கிறது என்று தெருவில் சொல்லிவைத்தாள்.

ஒரு நாள் ஒரு விதியைப் படித்தவர் அதற்கு மேல் போகவில்லை. ஆடு மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவன், வண்டியைக் கண்டு அவை மிரளுகின்றன என்று கை காட்டினால், டிரைவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சட்டம் அப்படி. சவுரிராயன் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மே, மாட்டுக்காரன் கை காட்டினா மோட்டார் நிக்கணுமாம். சர்க்கார் சட்டம் போட்டிருக்கான்."

"நல்லதுதானே."

"நான் காட்டினேன்மே."

சின்ன வயசில் முகையூரில் ஒரு பெரிய வீட்டு மாடுகளை மேய்த்தபோது நடந்தது அது. ரோட்டோரம் பஸ் வந்தது. சினைப்பசு ஒன்று மிரண்டு கயிற்றை அறுத்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றார். பஸ் ஹாரனை அடித்தபடி அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பசு பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. அடி அவருக்கு விழுந்தது. "ரோட்டுப் பக்கம் மாட்ட ஓட்டினது என் தப்புன்னுதான் இந்நாள் வரைக்கும் நெனைச்சிக்கினு இருந்தேன்" என்றார். அந்தோணியம்மாள் விளக்கைத் தூண்டிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு நாள் விழுப்புரத்துக்கு முகாம் வருவார். டிராவலர்ஸ் பங்களாவின் வேப்பமர நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் லாரி கிளீனர்கள் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். சவுரிராயனின் முறை வந்தது.

"பேர் என்ன?"

சொன்னார்.

"காதுல விழலையே."

தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு இன்னொரு முறை சொன்னார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். போர்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "சிலுவை வந்தா சார்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, குறுக்கு ரோடு என்று திருத்திக்கொண்டதைத் தவிர எல்லாம் சரியாகவே போயிற்று. கடைசியாக இன்ஸ்பெக்டர் கேட்டார், "ஆடு மாடு ஓட்டிக்கிட்டு வர்றவன் கை காட்டினா என்ன செய்வே?"

"நிறுத்துவேன் சார்." அதோடு விட்டிருக்கலாம். "ஆனா சார், இப்படி ஒரு சட்டம் இருக்கறது அந்த மாட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பரீட்சை உனக்கா, எனக்கா?"

தள்ளி நின்ற சக்கரபாணி தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிறகு லாரியை ஓட்டிக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார், சக்கரபாணி பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டி குலுங்காமல் கிளம்பியது. நாலு ரோடு சேரும் இடம் வந்ததும் இன்ஸ்பெக்டர், "ரைட்" என்றார்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாள் முழுக்கச் சவுரிராயன் கூவிய சொல் அது. அவர் அறிந்தவரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எல்லாரும் ஏறிவிட்டார்கள், வண்டியை எடு. அவர் கியரை மாற்றி நேரே போனார்.

"ரைட்!" என்றார் இன்ஸ்பெக்டர், சத்தமாக.

சவுரிராயன் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார்.

"ரைட்டுய்யா, ரைட்டு!"

இவ்வளவு அவசரப்படுத்துகிறாரே என்று மனசுக்குள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே காலை நன்றாக அழுத்தினார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஓட்டம் விழுப்புரம் எல்லையோடு நின்றது. அங்கே கையை அழகாக நிமிர்த்திக் காட்டி, கேட்டுக்குச் சரியான தூரத்தில் நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன சொன்னேன்?"

"ரைட்டுன்னீங்க சார்."

"நீ என்ன பண்ணினே?"

"போனேன் சார்."

அடுத்த முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார். சக்கரபாணி பின்னால் விழுந்து விழுந்து சிரித்தான். இறங்கி வந்து சவுரிராயனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். இருவரும் வண்டியைக் கொண்டுபோய் விட்டார்கள். ஷெட்டில் சின்னதுரை முதலாளியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அந்தோணியம்மாளுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் சாப்பிடாமல் எழுந்ததும் அடக்கிக்கொண்டாள். "நாம வாய்க்கே பாடம் சொல்லிக்கினு இருந்துட்டோம். காத வுட்டுட்டோம்" என்றாள்.

மறுநாளிலிருந்து புருஷனை அவள்தான் ஓட்டினாள். கிணற்றடிக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவர் முன்னால் நடப்பார். பின்னாலிருந்து "லெப்டு", "ரைட்டு" என்பாள். ரைட்டு என்றதும் வலது கையை நீட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். நேரே நடந்தால் வந்த வழியே திரும்பி மறுபடி நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது வேண்டுமென்றே நாலு தெரு சுற்றி ஓட்டிப்போனாள். பூசை பாதி முடிந்திருந்தது.

கெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா அந்தோணி, வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலியா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. ரைட்டுதான் தெரியல."

சக்கரபாணியும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தான். பஸ்ஸில் இனிமேல் 'போலாம்' என்றுதான் சொல்ல வேண்டும், ரைட் என்ற சொல்லே கூடாது என்று ஏற்பாடு. சவுரிராயன் தன் காற்றுக் குரலில் "போலாம்" என்பார். பஸ் நகராது. திரும்பிப் பார்த்தால், சக்கரபாணி ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ரைட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். கடைசியில் பயணிகள், "அப்பா, போலாமாம்!" என்று அவனுக்குக் கத்திச் சொல்வார்கள்.

மார்கழி முடிகிற சமயம் அடுத்த முகாம் வந்தது. பங்களா வாசலில் பனி இன்னும் விலகவில்லை. "என்ன, போலாம் ரைட்டு! வந்துட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கேட்டதற்கெல்லாம் சவுரிராயன் பதில் சொன்னார். பதிலுக்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நெஞ்சில் முட்டியவற்றை எச்சிலோடு விழுங்கினார். லாரியில் நாலு ரோடு வந்தது. "ரைட்" என்ற சத்தம் காதில் விழுந்ததும், முதுகுக்குப் பின்னால் அந்தோணியம்மாள் நிற்பது போலவே இருந்தது. கை தானாக ஜன்னலுக்கு வெளியே நீண்டது. வண்டி வலது பக்கம் திரும்பியது. பிறகு இடது, மறுபடி வலது, ஒரு மேடு, ஒரு மாட்டு வண்டி. பங்களாவுக்குத் திரும்பிக் கொண்டுவந்து நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார், "அவனுக்குத் தெரியாதுய்யா."

"யாருக்கு சார்?"

"மாட்டுக்காரனுக்கு. நீ கேட்டியே. போன வாரம் செஞ்சி ரோட்டுல ஜீப்பை நிறுத்தி ஒருத்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் மாட்டைப் பிடிச்சு சர்க்கார் பட்டியில அடைக்க வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டு ஓடியே போயிட்டான்."

சவுரிராயனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. "அப்ப அவனுக்கு யாரு சார் சொல்றது?" என்றார்.

"சொன்னா ஓடறானே. நீ வண்டியை நிறுத்திப் பாரு. தானா தெரிஞ்சிக்குவான்." கையெழுத்தைப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தை பிறந்து புது பஸ் ஓடத் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து அதிகாலை முதல் டிரிப். சின்னதுரைக்குப் பழைய லாரி கிடைத்தது. அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் எடுத்தான். சவுரிராயனின் பஸ்ஸுக்கு மாசிலாமணி என்று ஒருவன் கண்டக்டர். வெண்கலக் குரல். வழியனுப்ப வந்த அந்தோணியம்மாள் பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் நின்று, அவர் கை ஜன்னலுக்கு வெளியே நீள்வதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினாள்.

விளக்கு வெளிச்சத்தில் ரோடு வந்துகொண்டே இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் கிழக்கு வெளுத்தது. கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ஒருவன் ஆட்டு மந்தையை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனான். அவன் கை காட்டவில்லை. ஆனாலும் சவுரிராயன் பஸ்ஸை நிறுத்திவிட்டார். பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டுக்காரன் பஸ்ஸைப் பார்த்தான், தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான், அப்புறம் மந்தையை அவசர அவசரமாக அப்பால் கடத்தினான். "என்னா டிரைவரே, ஆட்டுக்கும் டிக்கெட்டு போடணுமா?" என்று மாசிலாமணி கேட்டதற்கு பஸ்ஸே சிரித்தது.

திண்டிவனம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கூட்டம் இறங்கியது. மாசிலாமணி திரும்புகிற டிரிப்புக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினான். சவுரிராயன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்பக்கம் நின்றார். கண்ணாடி முழுக்கப் பூச்சி. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மோதியவை: தும்பி, தத்துப்பூச்சி, அவர் பெயர் அறியாத இன்னும் என்னென்னவோ. வருஷக்கணக்காக அதே ரோட்டில் பின்படியில் நின்று வந்தவருக்கு, இவ்வளவு ஜீவன்கள் எதிரே வருகின்றன என்று தெரியாது. துடைக்கக் கையில் எடுத்த துண்டு அப்படியே தோளுக்குப் போயிற்று. மாசிலாமணி மூன்றாவது தடவையாக விசில் அடித்தான். சவுரிராயன் பச்சைச் சிறகு ஒன்றை நகத்தால் மெல்லப் பெயர்த்து, உள்ளங்கையில் வைத்து, வெயிலுக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.